இனவெறி வீட்டுக்குள் நுழையும்போது: எந்தப் படத்தை, யாரோடு பார்ப்பது?

இனவெறியைப் பற்றி மனதை உலுக்குகிற படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், பலர் யோசிக்காமல் சொல்லும் பெயர் 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்'. 1998இல் வந்த படம். பரிந்துரையில் தவறில்லை. யாரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். தனியாகப் பார்க்கிற நாற்பது வயதுக்காரருக்கும், பதினைந்து வயது மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க நினைக்கும் அம்மாவுக்கும் ஒரே படம் சரிப்பட்டு வராது.

அதனால், குடும்பத்தை நடுவில் வைத்து இனவெறியைப் பேசும் சில படங்களை எடுத்துக்கொண்டு யாருக்கு எது என்று பார்க்கலாம். முடிவு உட்பட கதையை முழுக்கச் சொல்லித்தான் பேசப் போகிறேன். கதை தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தப் படங்களை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு வகையில் வெறுப்பு வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறது. குடும்பம் அதைத் தாங்குகிறது, இல்லையென்றால் உடைகிறது. இன்னொரு வகையில் வெறுப்பு வீட்டுக்குள்ளேயே முளைக்கிறது. பெற்ற பிள்ளையே அதைப் பேசுகிறான். முதல் வகையைப் பார்க்கும்போது யார் பக்கம் நிற்பது என்பதில் குழப்பமே இல்லை. இரண்டாவது வகையில் கதாநாயகனே வெறுப்பவன். கேமரா அவன் முகத்தை விட்டு நகராது. பார்க்கிறவன் எந்த நேரத்தில் யாரை ரசிக்கிறான் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' இரண்டாவது வகை. லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் பீச்சில் வாழும் வின்யார்ட் குடும்பம். தீயணைப்பு வீரரான அப்பா, பணியில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்படுகிறார். மூத்தவன் டெரெக் (எட்வர்ட் நார்ட்டன்) ஹிட்லரின் வெள்ளை இனவெறியைப் போற்றும் நியோ நாஜிக் கும்பலில் சேர்ந்து அதன் முகமாகிறான். வண்டியைத் திருட வந்த கறுப்பின இளைஞர்களைக் கொன்று சிறைக்குப் போகிறான். மூன்று வருடம் கழித்து மனம் மாறி வீடு திரும்பும்போது, தம்பி டேனி (எட்வர்ட் ஃபர்லாங்) மொட்டைத் தலையோடு அண்ணனின் பழைய பாதையில் போய்க்கொண்டிருக்கிறான். பழைய நாட்கள் கறுப்பு வெள்ளையிலும் இன்றைய நாள் வண்ணத்திலும் மாறி மாறி வருகின்றன.

இந்தப் படத்தின் பேர்போன வன்முறைக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நடைபாதை விளிம்பில் நடக்கும் அந்தக் கொலையை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுவல்ல, இரண்டு சாப்பாட்டு மேசைக் காட்சிகள்.

ஒன்று, அம்மா டோரிஸ் (பெவர்லி டி'ஏஞ்சலோ) தன்னோடு பழகும் யூத ஆசிரியர் மர்ரேயை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கும் இரவு. பேச்சு, போலீஸ் அடித்து நொறுக்கிய கறுப்பினத்தவர் ராட்னி கிங்கின் விவகாரத்துக்கும், அதையொட்டி லாஸ் ஏஞ்சலிஸில் வெடித்த 1992 கலவரத்துக்கும் போகிறது. டெரெக் ஆரம்பத்தில் கத்தவில்லை. வரிசையாக வாதம் அடுக்குகிறான். தங்கை டவீனா எதிர்த்துப் பேசி எழப் பார்க்கிறாள். அவள் தலைமுடியைப் பிடித்து, தட்டில் இருந்த இறைச்சியை அவள் வாய்க்குள் திணிக்கிறான். அடுத்து மர்ரேயின் முன்னால் சட்டையை விலக்கி மார்பில் பச்சை குத்திய நாஜி ஸ்வஸ்திகாவைக் காட்டுகிறான். வெளியே அந்தக் கொலையைச் செய்வதற்கு முன்னால் அவன் கை போனது சொந்தத் தங்கையின் மேல். ஒரு குடும்பத்துக்கு இனவெறி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

இன்னொன்று, காலத்தால் இதற்கும் முந்தியது. ஆனால் படத்தின் கடைசிப் பகுதியில்தான் அதைக் காட்டுகிறார்கள். டெரெக் தலைநிறைய முடியோடு இருக்கும் பள்ளி மாணவன். கறுப்பின ஆசிரியர் ஸ்வீனி (ஏவரி புரூக்ஸ்) நடத்தும் வகுப்பைப் பற்றிக் கண்கள் விரியப் பேசுகிறான். அப்பா சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். அப்புறம் மெதுவாக ஆரம்பிக்கிறார்: நல்ல நூல்களைத் தள்ளிவிட்டுக் கறுப்பினத்தவர் எழுதியதைப் படிக்கச் சொல்வதா என்கிறார். தன் வேலையிடத்தில் தகுதி குறைந்த கறுப்பினத்தவர்களைச் சேர்த்துவிட்டார்கள் என்கிறார். மேசையில் யாரும் குரலை உயர்த்தவில்லை, கெட்ட நோக்கத்தோடும் அவர் பேசவில்லை. அன்பான அப்பாதான். சில நிமிடங்களில் பையன் தலையாட்ட ஆரம்பித்துவிடுகிறான். அப்பாவின் சாவுதான் டெரெக்கைக் கெடுத்தது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்த நமக்கு, விதை விழுந்த இடம் அப்போதுதான் தெரிகிறது.

இந்த ஒரு காட்சிக்காகவே பிள்ளை பெற்றவர்கள் படத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அது வருவது படம் முடியும் நேரத்தில். அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், உடற்கட்டும் நாவன்மையும் உள்ள டெரெக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூடைப்பந்துப் போட்டியில் அவன் அணி ஜெயிப்பது, கைது செய்யப்படும்போது கைகளைத் தூக்கியபடி தம்பியைப் பார்த்து இளிப்பது என்று எல்லாமே மெதுவான அசைவில், பின்னணியில் கோரஸ் இசையோடு, ஒரு வீரனுக்குரிய கம்பீரத்தோடு எடுக்கப்பட்டிருக்கின்றன. டேனியின் கண்ணில் அண்ணன் இப்படித்தான் தெரிந்தான் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். சரிதான். ஆனால் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் பதினான்கு வயதுப் பையனும் ஒரு டேனிதானே?

வாதங்களிலும் இதே கதை. டெரெக்கின் நீண்ட பேச்சுகளுக்குப் படம் உடனுக்குடன் பதில் சொல்வதில்லை. மர்ரேயும் டவீனாவும் சொல்லும் பதில்கள் அவன் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பதில் சிறைக்குள்தான் வருகிறது, அதுவும் வாதமாக அல்ல. சலவைக் கூடத்தில் அவனோடு துணி மடிக்கும் கறுப்பின இளைஞன் லமாண்ட், ஒரு டிவியைத் திருடியதற்குத் தனக்குக் கிடைத்தது ஆறு வருடம் என்று பேச்சுவாக்கில் சொல்கிறான். கொலை செய்த டெரெக்குக்குக் கிடைத்தது எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். படம் அங்கே எதையும் அழுத்திச் சொல்வதில்லை. கணக்குப் போட வேண்டியது பார்ப்பவர்தான். அந்தக் கணக்கைப் போடும் பக்குவம் இல்லாதவருக்கு டெரெக்கின் பேச்சு மட்டும்தான் மனதில் தங்கும்.

இயக்குநர் டோனி கேக்குமே வெளிவந்த வடிவத்தில் திருப்தி இல்லை. படத்தொகுப்பில் தயாரிப்பு நிறுவனத்தோடும் நார்ட்டனோடும் மோதி, தன் பெயருக்குப் பதிலாக 'ஹம்ப்டி டம்ப்டி' என்று போடச் சொல்லிச் சண்டை போட்டார், வழக்கும் தொடுத்தார். பலிக்கவில்லை. நார்ட்டனுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்த நடிப்பு அவ்வளவு நன்றாக இருப்பதுதான், பிள்ளைகளோடு பார்க்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய காரணமும்.

இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் 2006இல் வந்த 'திஸ் இஸ் இங்கிலாந்து'. இயக்கியவர் ஷேன் மெடோஸ். தன் சொந்தச் சிறுவயதிலிருந்து நிறைய எடுத்திருக்கிறார். கதை நடப்பது 1983இல், மார்கரெட் தாட்சர் காலத்து இங்கிலாந்தில். ஷானுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா, அர்ஜென்டினாவோடு பிரிட்டன் 1982இல் நடத்திய ஃபாக்லாந்து போரில் இறந்துவிட்டார். பள்ளியில் அவன் பேண்ட்டைக் கிண்டலடிக்கிறார்கள், செத்துப்போன அப்பாவைக்கூட விடவில்லை. தனியாக நடந்து வருபவனை வூடியின் ஸ்கின்ஹெட் (தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு திரியும் இளைஞர்கள்) கூட்டம் சேர்த்துக்கொள்கிறது. முதல் பாதியில் அந்தக் கூட்டத்தில் இனவெறியே கிடையாது. மில்கி என்ற ஜமைக்க வம்சாவளிப் பையனும் அவர்களில் ஒருவன். சிறையிலிருந்து காம்போ (ஸ்டீபன் கிரஹாம்) திரும்பி வந்ததும்தான் எல்லாம் மாறுகிறது.

காம்போ அந்தப் பிள்ளையைப் பிடிக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஃபாக்லாந்து போர் அர்த்தமில்லாத போர் என்று அவன் பேசப் போக, ஷான் பாய்ந்து அவனை அடிக்கிறான். பையனின் காயம் எங்கே இருக்கிறது என்று காம்போவுக்கு அந்த நொடியில் தெரிந்துவிடுகிறது. உன் அப்பா வீணாகச் சாகவில்லை என்று காட்ட வேண்டாமா என்று அதே இடத்தில் கையை வைக்கிறான். வெறுப்பை அவன் கொள்கையாக விற்கவில்லை. அப்பா இல்லாத பையனுக்கு ஒரு அப்பாவாக வந்து நிற்கிறான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு, தெரிந்த தெற்காசியக் கடைக்காரரிடமே போய் அந்தச் சிறுவன் வசைச்சொல் வீசுகிறான்.

கடைசியில் காம்போ மில்கியை அடித்து நொறுக்கும் காட்சிக்குக் காரணமே குடும்பம்தான். இருவரும் சமாதானமாக உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறார்கள். மில்கியின் வீட்டைப் பற்றிக் காம்போ கேட்கிறான். பெரிய குடும்பம், உறவுக்காரர்கள் கூடுவது, சேர்ந்து சாப்பிடுவது என்று மில்கி வெள்ளந்தியாகச் சொல்லிக்கொண்டே போகிறான். காம்போவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக உறைகிறது. தனக்குக் கிடைக்காத வீடு இவனுக்குக் கிடைத்திருக்கிறதே என்ற ஆற்றாமை கைக்கு வந்துவிடுகிறது. ஸ்டீபன் கிரஹாமின் முகத்தை அந்த இரண்டு மூன்று நிமிடம் பார்த்தால் போதும், விளக்கவுரை எதுவும் தேவையில்லை.

டெரெக்கைப் போல ஆக வேண்டும் என்று ஒரு பையன் ஆசைப்பட வாய்ப்பு உண்டு. காம்போவைப் போல ஆக யாரும் ஆசைப்பட மாட்டார்கள். படம் அவனை வெறுக்கவும் விடுவதில்லை, ரசிக்கவும் விடுவதில்லை, பரிதாபப்பட வைக்கிறது. அதனால், வீட்டில் இருக்கும் பிள்ளை ஏற்கெனவே இணையத்தில் அப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டு, 'அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கே' என்று சொல்லத் தொடங்கியிருந்தால், என் தேர்வு 'திஸ் இஸ் இங்கிலாந்து'தான். பொதுவாக இந்த நிலைமைக்குத்தான் 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' படத்தை மருந்து போலப் பரிந்துரைப்பார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. பாதி நம்பியிருப்பவனுக்கு டெரெக்கின் முதல் ஒரு மணி நேரம் தீனி போடும்.

இதையும் சிறுவர் படம் என்று நினைத்துவிட வேண்டாம். கதாநாயகனுக்குப் பன்னிரண்டு வயது என்றாலும் பிரிட்டனில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சான்றிதழோடுதான் வந்தது. வசைச்சொற்களுக்குக் குறைவில்லை, கடைசி அடி மிகக் கொடூரம். 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' அமெரிக்காவில் ஆர் சான்றிதழ் (17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும்) பெற்றது. அதில் சிறைக்குள் நடக்கும் பாலியல் வன்முறையும் உண்டு. என்னைக் கேட்டால் 'திஸ் இஸ் இங்கிலாந்து' படத்தைப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் பதினாறு வயதில் பார்க்கலாம், 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' இன்னும் ஓரிரு வருடம் காத்திருக்கட்டும்.

இனி முதல் வகை, அதாவது வெறுப்பு வெளியிலிருந்து வரும் வீடுகள்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை: 'த ஹேட் யூ கிவ்'. ஏஞ்சி தாமஸ் 2017இல் எழுதிய நாவலிலிருந்து மறு வருடமே ஜார்ஜ் டில்மன் ஜூனியர் எடுத்த படம், அமெரிக்கச் சான்றிதழ் பிஜி-13 (13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் யோசிக்க வேண்டும்). தொடக்கமே சாப்பாட்டு மேசைதான். போலீஸ் வண்டியை நிறுத்தினால் கைகளை எங்கே வைக்க வேண்டும், விரல்களை எப்படி விரித்து வைக்க வேண்டும் என்று அப்பா மேவரிக் (ரஸல் ஹார்ன்ஸ்பி) சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். வின்யார்ட் வீட்டு மேசையில் அப்பா வெறுக்கக் கற்றுக்கொடுத்தார். இந்த மேசையில் அப்பா உயிரோடு திரும்பி வரக் கற்றுக்கொடுக்கிறார். பிற்பாடு அதே அப்பாவைப் போலீஸ் தரையில் குப்புறப் படுக்க வைக்கிறது. பிள்ளைகள் நின்று பார்க்கிறார்கள். மகள் ஸ்டாரின் (அமாண்ட்லா ஸ்டென்பெர்க்) கண் முன்னால் அவளுடைய பால்ய நண்பன் கலீல் சுடப்படுகிறான். அவன் கையில் இருந்தது தலைவாரும் பிரஷ்.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த ஆள் போலீஸ்காரரான மாமா கார்லோஸ். வெள்ளைக்காரர் ஒருவர் வண்டியை ஓட்டி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஸ்டார் கேட்கிறாள். கையைத் தூக்கு என்று சொல்வேன் என்கிறார். அதாவது சுட மாட்டார். தானும் கறுப்பினத்தவராக இருந்துகொண்டு, மருமகளின் முகத்தைப் பார்த்து இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குறை என்றால், கடைசிப் பகுதியில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள், முடிவும் சற்று சுத்தமாகக் கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு அது உறுத்தும். பதின்மூன்று வயதுக்கு அது தேவையாகவும் இருக்கலாம்.

தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை எல்லோரும் உட்கார்ந்தால் 'எ ரெய்சின் இன் த சன்' (1961). லொரெய்ன் ஹான்ஸ்பெரி எழுதி 1959இல் பிராட்வேயில் அரங்கேறிய நாடகம். டேனியல் பெட்ரி படமாக்கினார். சிகாகோவில் நெருக்கடியான அடுக்ககத்தில் ஐந்து பேர். பையன் டிராவிஸ் தூங்குவது கூடத்துச் சோபாவில். அவன் தாத்தா இறந்ததற்குக் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வருகிறது. மதுக்கடை தொடங்க வேண்டும் என்கிறான் டிராவிஸின் அப்பா வால்டர் (சிட்னி பாய்ட்டியர்). வால்டரின் தங்கைக்கோ டாக்டருக்குப் படிக்க வேண்டும். அம்மா லீனா (கிளாடியா மெக்நீல்) அதிலிருந்து 3,500 டாலர் முன்பணம் கட்டி, வெள்ளையர்கள் மட்டும் வாழும் பகுதியில் ஒரு வீட்டை வாங்கிவிடுகிறார்.

படத்தில் ரத்தம் கிடையாது. இனவெறி கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, மிஸ்டர் லிண்ட்னர் என்ற பெயரில், தொப்பியைக் கையில் பிடித்தபடி பணிவாக வருகிறது. எங்கள் பகுதிக்கு வராமல் இருக்க உங்களுக்குப் பணம் தருகிறோம் என்கிறது. அதற்குள் வால்டர் கையிலிருந்த மீதிப் பணத்தைக் கூட்டாளியிடம் ஏமாந்துவிட்டான். லிண்ட்னரின் பணத்தை வாங்கிக்கொள்வது என்றே முடிவு செய்து அவரைத் திரும்பக் கூப்பிடுகிறான். அம்மா ஒன்றே ஒன்று செய்கிறார்: டிராவிஸை வெளியே அனுப்பாமல் அப்பன் பக்கத்திலேயே நிற்க வைக்கிறார். மகன் பார்த்துக்கொண்டிருக்க வால்டரால் அதைச் செய்ய முடியவில்லை.

இது வெறும் கற்பனையில்லை. ஹான்ஸ்பெரியின் அப்பா 1937இல் சிகாகோவில் இப்படி ஒரு பகுதியில் வீடு வாங்கினார். வீட்டின் மேல் கல் வந்தது, சிறுமியாக இருந்த லொரெய்ன் மயிரிழையில் தப்பினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனைப் பத்திரங்களை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று பொதுவாகத் தீர்ப்பு வர 1948 ஆகிவிட்டது. படம் அந்தக் குடும்பம் புது வீட்டுக்குக் கிளம்புவதோடு முடிகிறது. போன பிறகு என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு இந்தக் கல் கதை இருக்கிறது. நாடகத்தை அப்படியே எடுத்திருப்பதால் பேச்சு அதிகம், இரண்டு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள். கைப்பேசியை அவ்வப்போது எடுத்துப் பார்க்கும் ஆட்களுக்கு இது ஒத்துவராது.

வன்முறை எந்த வடிவத்திலும் வேண்டாம் என்பவர்களுக்கு ஜெஃப் நிக்கோல்ஸின் 'லவ்விங்' (2016). வெள்ளையரான ரிச்சர்டும் கறுப்பினத்தவரான மில்ட்ரெடும் 1958இல் வாஷிங்டனில் திருமணம் செய்துகொண்டு வர்ஜீனியாவுக்குத் திரும்பியதும், ஷெரீஃப் நள்ளிரவில் படுக்கையறைக்குள்ளேயே வந்து கைது செய்கிறார். 25 வருடம் சேர்ந்து அந்த மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. 1967இல் அவர்கள் பெயரிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. படம் நீதிமன்றத்தைவிட, செங்கல் அடுக்கும் ரிச்சர்டின் கையையும் சொந்த ஊர் ஏக்கத்தையும்தான் அதிகம் காட்டுகிறது. அழகான படம், மெதுவான படம். பொறுமை வேண்டும்.

நேரம் குறைவு என்றால் ரயன் கூக்லரின் முதல் படம் 'ஃப்ரூட்வேல் ஸ்டேஷன்' (2013), ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2009 புத்தாண்டு அதிகாலையில் ஓக்லண்ட் ரயில் நிலையத்தில் போலீஸ்காரரால் சுடப்பட்டு இறந்த 22 வயது ஆஸ்கர் கிராண்டின் கடைசி நாள். காரில் போகாதே, ரயிலில் போ என்று பாதுகாப்புக்காகச் சொன்னதே அவன் அம்மாதான் (ஆக்டேவியா ஸ்பென்சர்). அதைத் தாங்க முடியுமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் இதைத் தள்ளிப் போடுவது நல்லது.

பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் என்றால் நான் மறுபடி 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' பக்கமே வருவேன், ஒரு நிபந்தனையோடு: கடைசி வரை எழக் கூடாது. பாதியில் நிறுத்திவிட்டு மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுவதற்கு இதைப் போல மோசமான படம் வேறில்லை. பாதிப் படம் டெரெக்கின் கட்சி. முடிவில் அண்ணன் மனம் மாறியது தம்பியைக் காப்பாற்றவில்லை: டேனியைப் பள்ளிக் கழிப்பறையில் ஒரு கறுப்பின மாணவன் சுட்டுவிடுகிறான். இந்த முடிவு, திருந்தினாலும் பலனில்லை என்று சொல்கிறதா, அண்ணன் போட்ட கணக்கைத் தம்பி தீர்த்தான் என்று சொல்கிறதா என்று சண்டை போட்டுக்கொள்ளலாம். நான் இரண்டாவது கட்சி.

இரண்டு இரவு கிடைத்தால், முதல் நாள் 'எ ரெய்சின் இன் த சன்', மறுநாள் 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' என்று வையுங்கள், மாற்றி வைக்க வேண்டாம். லீனாவின் வீட்டை முதலில் பார்த்துவிட்டால், வின்யார்ட் அப்பா மேசையில் 'அவர்கள்' என்று ஆரம்பிக்கும்போது அந்த 'அவர்கள்' யார் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.